இடப்பக்கத்துச் சத்தம்

அப்பாவுக்கு இடது காது கேட்காது. அச்சகத்தில் பெரிய மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்று காலம் தள்ளியதற்கு அது கொடுத்தனுப்பிய பரிசு. வலது காது வேலை செய்யும், அதுவும் எதிரில் நின்று கொஞ்சம் உரக்கப் பேசினால். ஓய்வு பெற்று வீட்டோடு வந்த பிறகு அவர் உயிரை வைத்திருந்தது ஒன்றின் மேல்தான், அவருடைய பழைய மோட்டார் சைக்கிள். கனத்த கறுப்பு வண்டி. உதைத்துக் கிளப்பினால் பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடிகூட நடுங்கும்.

அந்த வண்டியின் இடப்பக்கத்தில், முழங்காலுக்குக் கீழே, நீள்வட்டமாக ஒரு மூடி உண்டு. இன்ஜின் சுற்றுவதைக் கிளட்சுக்குக் கொண்டு சேர்க்கும் பிரைமரி செயின் அதற்குள்தான் எண்ணெயில் குளித்தபடி ஓடும். அங்கே எது தளர்ந்தாலும், எது தேய்ந்தாலும் முதலில் சத்தத்தில்தான் தெரியும். சத்தம் வருவதும் இடப்பக்கம், அப்பாவின் செத்த காதும் இடப்பக்கம். அந்தப் பக்கம் இடி விழுந்தாலும் அவர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவார்.

அதனால் இரண்டு மகள்களில் பெரியவள்தான் அவருக்கு இடது காது. பள்ளிக்கூடப் பையோடு பின்னால் உட்கார்ந்து போகும்போதே அவர் தோளுக்கு மேல் கழுத்தை நீட்டி, "அப்பா, டக்டக்குன்னு ஏதோ அடிக்குது" என்று வலது பக்கமாகக் கத்துவாள். அப்பா உடனே ஓரம் கட்டுவார். "என் பொண்ணு சொன்னா சரியா இருக்கும்" என்று எந்த மெக்கானிக்கிடமும் மார்தட்டுவார். அந்தப் பெருமையைத் தின்றே வளர்ந்தவள் வேறு என்ன வேலைக்குப் போவாள்? கடைத்தெருவில் ஷட்டர் போட்ட சின்ன ஒர்க்ஷாப் ஒன்றை எடுத்தாள். பெயர்ப்பலகை வைக்கவில்லை. 'அக்கா கடை' என்றால் எல்லாருக்கும் தெரியும். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே வேறு பேச்சுக்கு மாறிவிடுவாள்.

சின்னவள் வேறு மாதிரி. அவளுக்கு எண்ணெய் நாற்றம் ஆகாது என்று வீட்டில் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். யார் முடிவு செய்தார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. மாடி அறையில் உட்கார்ந்து படிப்பாள், தையல் போடுவாள், தெருவைப் பார்ப்பாள். போன ஆண்டு அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். பெரிய பெரிய கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். தனியாக வீடு பார்க்கிற வரைக்கும் என்று சொல்லி மாடியிலேயே குடியேறினார்கள். அப்புறம் வீடு பார்க்கிற பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

மாப்பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் பெரியவளுக்குப் பெரிய குறை. வந்த புதிதில் சொட்டிக்கொண்டிருந்த குழாயைச் சரி செய்தார். சாத்தினால் திறக்காத பின்கதவைச் சரி செய்தார். அம்மாவின் தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டார். "மாப்ள கை பட்டா பூ மாதிரி ஓடுது" என்று அம்மா சொன்னபோது பெரியவள் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அந்த மெஷினுக்கு எண்ணெய் போடச் சொல்லி அம்மா தன்னிடம் எத்தனை தடவை கேட்டாள், தான் எத்தனை தடவை 'நாளைக்கு' என்றோம் என்பதெல்லாம் அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததால் கோபம் இன்னும் ஏறியதே தவிரக் குறையவில்லை.

ஆனால் அதெல்லாம் வீட்டு வேலை. வண்டி தன்னுடையது என்று இருந்தாள்.

ஒருநாள் காலை கடையைத் திறந்து வைத்து ஒரு ஸ்கூட்டரின் பிரேக்கைப் பிரித்துக்கொண்டிருந்தபோது தெருமுனையில் அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். அப்பா ஓட்டி வந்தார். பின்னால் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். கழுத்தை அப்பாவின் தோளுக்கு மேல் நீட்டி, வலது காதுக்குள் என்னவோ சொல்லிக்கொண்டே வந்தார். அப்பா தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு அடிவயிற்றில் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது.

"வண்டியில ஏதோ சத்தம் வருதாம்மா" என்றார் அப்பா, இறங்கியும் இறங்காமலும். "இடப்பக்கம். மாப்ள சொன்னாரு. நீ கவனிக்கலியா?"

போன வாரம்தான் அவள் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு சாமான் வாங்கப் போய்விட்டு வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லையா, கவனிக்கவில்லையா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. வாயைத் திறந்தால் அந்தச் சந்தேகம் வெளியே வந்துவிடும் என்று பேசாமல் வண்டியை உள்ளே தள்ளினாள்.

நடு ஸ்டாண்டு போட்டு உதைத்தாள். வண்டி நிதானமாகத் துடித்தது. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இடப்பக்க மூடியில் வைத்து, பிடியைக் காதெலும்பில் அழுத்தினாள். செயின் ஓடும் சரசரப்பு. அதற்கு நடுவில் கடகட என்று ஓர் உரசல், உள்ளே தளர்ந்த செயின் அலைகிற மாதிரி. கிளட்சை அழுத்திப் பார்த்தாள். சத்தம் மாறவில்லை. அப்படியானால் கிளட்ச் இல்லை. இன்ஜினை நிறுத்தி, மேலே இருந்த சின்ன மூடியைத் திறந்து விரலை விட்டுச் செயினைத் தூக்கினாள். தேவைக்கு மேல் ஏறி இறங்கியது.

"பிரைமரி செயின் லூசா இருக்கு. அவ்வளவுதான்" என்றாள்.

மாப்பிள்ளை பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய மூடியைக் கழற்றி, செயினைக் கீழிருந்து தாங்கும் பட்டையை அவள் இறுக்கினாள். மறுபடி விரலை வைத்துப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது.

"அண்ணி," என்றார் மாப்பிள்ளை தயங்கியபடி, "ஒரு சுத்து சுத்தி விட்டுப் பாக்கணுமா? சில செயின் ஒரு எடத்துல லூசாவும் இன்னொரு எடத்துல டைட்டாவும் இருக்கும்ல?"

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எப்போதும் அவள் செய்கிற வேலைதான் அது. இன்ஜினை மெல்லச் சுற்றிவிட்டு, இருப்பதிலேயே இறுக்கமான இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே வைத்துத்தான் அளவு பார்ப்பாள். அன்றைக்கும் பார்த்திருப்பாள். ஆனால் இப்போது சுற்றினால் அவர் சொல்லிச் சுற்றிய மாதிரி ஆகிவிடும். பக்கத்தில் அப்பா வேறு நல்ல காதைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றார்.

"இது லிஃப்ட் இல்ல தம்பி" என்று சொல்லி மூடியை மாட்டினாள்.

அப்பா சிரித்தார். மாப்பிள்ளையும் சிரித்தார். அவர் சிரிப்பில் கொஞ்சம்கூடக் கசப்பு இல்லை. அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

இரண்டொரு நாளில் வண்டி ஊளையிட ஆரம்பித்தது. வேகம் ஏற ஏற மெல்லிசாக ஓர் ஊஊ. அப்பாவின் வலது காதுக்கே அது எட்டியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இறுக்கமான இடத்தில் செயின் நாண் மாதிரி விறைத்துக்கொண்டு இழுக்கிறது என்று அவளுக்கு உடனே தெரிந்தது. தெரிந்தும், "புதுசா இறுக்கினா கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும்ப்பா" என்றாள். கடைக்குக் கொண்டு வரச் சொன்னால் மாப்பிள்ளையும் கூடவே வருவார். அவர் எதிரில் தன் தவறைத் தானே பிரித்துச் சரி செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் அவர் வேலைக்குப் போயிருக்கும்போது ஓசைப்படாமல் முடித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த ஒரு நாள் வரவில்லை. விடுமுறை நாள் ஒன்றில் கடைக்கு வந்த வண்டிகளைச் சீக்கிரமே அனுப்பிவிட்டு மதியம் வீட்டுக்கு வந்தவள், வாசல் கேட்டில் கை வைத்தபடி நின்றுவிட்டாள். முற்றத்தில் சாக்கு விரித்திருந்தது. வண்டியின் இடப்பக்கம் திறந்து கிடந்தது. மூடி ஒரு பக்கம், எண்ணெய்த் தட்டு ஒரு பக்கம். மாப்பிள்ளை சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே கையை விட்டிருந்தார். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து அவர் கேட்பதற்கு முன்பே ஸ்பேனரை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார்.

"இப்ப சுத்துங்க மாமா, மெதுவா" என்றார் மாப்பிள்ளை. அப்பா எழுந்து கிக்கரைக் கையால் அழுத்தினார். "நிறுத்துங்க. இந்த எடந்தான். பாருங்க, இங்க பிடிக்குது."

"அட ஆமாம் மாப்ள!" என்று அப்பா குனிந்து, எண்ணெய்க்குள் விரலை விட்டு, குழந்தை மாதிரிச் சந்தோஷப்பட்டார்.

பெரியவள் கேட்டைத் திறக்கவில்லை. வந்த சத்தம் தெரியாமல் திரும்பிக் கடைக்கே போனாள். ஷட்டரைத் தூக்கி, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், துடைத்து வைத்திருந்த ஸ்பேனர்களை எடுத்து மறுபடி துடைத்தாள். என் இடத்தை எடுத்துக்கொண்டான் என்று மனசு கரித்துக் கொட்டியது. என் அப்பா, என் வண்டி, என் ஸ்பேனர். கடைசியில் சொன்னது நிஜம்தான். முற்றத்தில் இருந்த ஸ்பேனர் செட்டு அவள் வாங்கி வீட்டில் வைத்தது.

வீட்டுக்குத் திரும்பியபோது ஊளை போயிருந்தது. இரவுச் சாப்பாட்டில் அப்பா அதைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. "இவ என்னவோ பழகப் பழகச் சரியாயிடும்னா. மாப்ள அரை மணியில முடிச்சுட்டாரு" என்றார். மாப்பிள்ளைதான் கூச்சத்தோடு, "அண்ணி செஞ்சதுல கொஞ்சம் தளர்த்தினேன், அவ்வளவுதான் மாமா" என்றார். சின்னவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னைக் கேட்டிருக்கலாம்ல?" என்றாள் பெரியவள்.

"உன்கிட்ட சொன்னேனேம்மா, நீதான் ஒண்ணுமில்லன்னுட்ட" என்றார் அப்பா. அவர் சொன்னதில் பொய் இல்லை.

ஊளை போனது. ஆனால் முதலில் இருந்த சத்தம் போகவில்லை. அது மெல்ல வளர்ந்தது. கடகட என்று இருந்தது டொக் டொக் என்று கனத்தது. கொஞ்ச நாளில் அப்பாவின் பாதம் வழியாகவே அந்த அடி தெரிய ஆரம்பித்தது. "உள்ள யாரோ சுத்தியல் வச்சிருக்கான்" என்றார். மாப்பிள்ளை தயங்காமல், "இது எனக்கு மேல மாமா. அண்ணிகிட்டயே காட்டிடுவோம்" என்றார்.

கடைக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டாம், வீட்டிலேயே பார்க்கிறேன் என்றாள் பெரியவள். எல்லாரும் பார்க்கட்டும் என்று இருந்தது அவளுக்கு. காலையிலேயே முற்றத்தில் சாக்கு விரித்தாள். இந்தத் தடவை அப்பா அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். மாப்பிள்ளை தள்ளிச் சுவரோரம் நின்றார். அம்மா தேநீர் கொண்டு வந்து வைத்தாள்.

எண்ணெயை வடித்து மூடியைக் கழற்றினாள். விளக்குக்கு மின்சாரம் எடுத்துக் கொடுக்கும் மேக்னட்டைச் சுற்றியிருந்த காயிலை எடுத்து வைத்தாள். இன்ஜின் ஷாஃப்ட்டின் முனையில் ஒரு பெரிய நட்டு இருக்கும். மேக்னட்டையும் அதற்குப் பின்னால் உள்ள பல்சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு நட்டுதான். ஸ்பேனரைப் பொருத்தி அழுத்தப் போனவள் நிறுத்தினாள். ஸ்பேனர் தேவைப்படவில்லை. விரலாலேயே நட்டு சுற்றியது.

சத்தத்தின் வேர் இதுதான். நட்டு தளர, பல்சக்கரம் ஷாஃப்ட்டின் மேல் ஆட்டம் கண்டுவிட்டது. ஆக்ஸிலேட்டரைத் திருகும்போது ஒரு பக்கம் அடிக்கும், விடும்போது மறுபக்கம் அடிக்கும். கோணலாக ஆடியதால்தான் செயின் ஒரு இடத்தில் தளர்ந்தும் ஒரு இடத்தில் விறைத்தும் இருந்திருக்கிறது. முதல் நாளே ஒரு சுற்று சுற்றிப் பார்த்திருந்தால் சக்கரம் ஆடுவது இந்த வண்டியில் பழகிய அவள் கண்ணில் பட்டிருக்கும்.

மேக்னட்டை இழுத்து வெளியே எடுத்தாள். ஷாஃப்ட்டின் பற்களில் காவி நிறத்தில் சேறு அப்பியிருந்தது. இரும்பும் இரும்பும் வெகுநாள் உரசி, தூள் எண்ணெயில் குழைந்த சேறு. நட்டுக்கு அடியில் இருந்த லாக் வாஷரை எடுத்துத் துணியால் துடைத்தாள். அதில் ஒரு நாக்கு உண்டு. நட்டை இறுக்கிய பிறகு அதைத் தட்டி மடக்கி நட்டின் மேல் சாத்திவிட வேண்டும். அப்போதுதான் நட்டு கழன்று வராது. இந்த நாக்கு நேராக நின்றது. மடங்கிய தடமே இல்லை.

போன ஆண்டு விளக்கு சரியாக எரியவில்லை என்று மேக்னட்டைக் கழற்றி மாட்டியது அவள்தான். சின்னவள் கல்யாணத்துக்கு முந்தின வாரம். வீடு முழுக்க ஆட்கள், ஆளுக்கொரு வேலை சொன்னார்கள். இடையில் யாரோ கூப்பிட்டார்கள். எழுந்து போனவள் திரும்பி வந்து மூடியை மாட்டிவிட்டாள். நாக்கை மடக்கவில்லை. வாஷரைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நாள் முழுக்க அவள் கண் முன்னால் ஓடியது.

"என்னம்மா?" என்றார் அப்பா. "என்ன ஆச்சு?"

"நட்டு லூசாயிடுச்சு."

"எப்படி லூசாகும்?"

அவள் பதில் சொல்வதற்குள் அவரே சுவர்ப் பக்கம் திரும்பினார். "மாப்ள, அன்னைக்கு நீங்க இதைக் கழட்டினீங்களா?"

மாப்பிள்ளை அருகில் வந்து குனிந்து பார்த்தார். "காயிலைக் கழட்டினேன் மாமா. இந்த நட்டுல..." அவர் முகம் மாறியது. "ஒரு தடவை ஸ்பேனர் வச்ச மாதிரி இருக்கு. டைட்டா இருக்கான்னு பாக்க. சரியா ஞாபகம் இல்லியே."

பெரியவள் சும்மா இருந்திருந்தாலே போதும். பழி தானாக அவர் மேல் போய் உட்கார்ந்திருக்கும். ஆனால் அத்தனை நாள் உள்ளே புகைந்ததெல்லாம் ஒரே மூச்சாக வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"இந்த வாஷரோட நாக்கை நான் மடக்கித்தான் வச்சிருந்தேன்" என்றாள். "யாரோ நிமித்தியிருக்காங்க."

அப்பாவின் முகம் சுண்டிப்போனது.  பிறகு, "மாப்ள, தெரியாத வேலையில கை வைக்கலாமா? நடுரோட்டுல கழண்டு சக்கரம் சுத்தாம பிடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை நாளாக அவள் ஏங்கினாள்! அது தேனாகக் காதில் விழுந்தது. மாப்பிள்ளை, "என் தப்புதான் மாமா, மன்னிச்சிடுங்க" என்று தலையைக் குனிந்துகொண்டார். அந்த நேரத்தில் அவளைத் தவிர அங்கே யாருமே சந்தோஷமாக இல்லை.

"அவர் தொடலை."

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சின்னவள் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள். வேகமாக இறங்கி வந்தாள். அவள் குரல் நடுங்கியது. ஆனால் அழுகையால் இல்லை.

"அவர் கழட்டுறதுக்கு முன்னாடியே இந்தச் சத்தம் இருக்கு. ஊளை வர்றதுக்கு முன்னாடியே இருக்கு. இதே சத்தம்தான், அப்போ சின்னதா இருந்துச்சு, இப்போ பெருசாயிடுச்சு. நான் கேட்டிருக்கேன்."

"நீயா?" என்றாள் பெரியவள்.

"நான்தான். வேற யாரு? அப்பா தெரு முனையில திரும்பும்போது ஆக்ஸிலேட்டரை விடுவாருல்ல, அப்ப ஒரு டொக்கு. நம்ம வாசல் கேட் கிட்ட வந்து மறுபடி கொஞ்சம் குடுப்பாரு, அப்ப இன்னொரு டொக்கு. நின்னுட்டா ஒண்ணும் இருக்காது. வெறும் கடகடதான். நீ நிறுத்தி வச்சு ஸ்க்ரூடிரைவர்ல கேட்டா எப்படிக் கேக்கும்? மேல ஜன்னல்ல இருந்து எனக்குத் தெளிவா கேட்டுது. இவர்கிட்ட சொன்னேன். இவர் அப்பாகிட்ட சொன்னாரு. அப்பா நேரா உன்கிட்ட வந்தாரு. யார் கேட்டதுன்னு ஒருத்தரும் கேக்கலை."

"நான் சொல்ல வந்தேன்," என்றார் மாப்பிள்ளை மெல்ல. "மாமா 'சபாஷ் மாப்ள'ன்னு ஆரம்பிச்சுட்டாரு."

 சின்னவள் விடவில்லை.

"சின்ன வயசுலேர்ந்து எனக்கு வேற என்ன வேலை? நீங்க ரெண்டு பேரும் வண்டியில கிளம்பிப் போவீங்க. நான் ஜன்னல்ல நின்னு எப்ப வருவீங்கன்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். தெருவுல எத்தனை வண்டி வந்தாலும் நம்ம வண்டி எதுன்னு எனக்குத் தெரியும். என்ன கோளாறுன்னு பேர் தெரியாது, ஆனா மாறினா தெரியும். 'அவளுக்கு எண்ணெய் நாத்தம் ஆகாது, அவளை விடு'ன்னு சொல்லிட்டே போயிடுவீங்க. யார் சொன்னா ஆகாதுன்னு? ஒரு தடவையாவது என்னை உக்கார வச்சுப் பாத்தீங்களா?" அவள் அக்காவைப் பார்த்தாள். "உன்னைப் பாத்தா எனக்கு எவ்வளவு எரியும் தெரியுமா?"

பெரியவளுக்கு அந்த வார்த்தை புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. எரிவதெல்லாம் தனக்கு மட்டும்தான் என்று அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். தன்னைப் பார்த்து ஒருத்தி, அதுவும் இதே வீட்டில், மாடியில் உட்கார்ந்து, இத்தனை காலம் வயிறு எரிந்துகொண்டிருப்பாள் என்று கனவில்கூட நினைத்ததில்லை. மாப்பிள்ளை பின்சீட்டில் உட்கார்ந்து வந்த அன்று தனக்கு எப்படி இருந்ததோ அப்படித்தானே இவளுக்குத் தினமும் இருந்திருக்கும்.

கையில் இருந்த வாஷரை அப்பாவிடம் நீட்டினாள்.

"இதைப் பாருங்கப்பா. நாக்குல மடிப்பே இல்ல. மடக்கி நிமித்தியிருந்தா தடம் தெரியும். நான்தான் மடக்கலை. கல்யாணத்துக்கு முன்னாடி மாட்டினப்ப மறந்துட்டேன். இந்தச் சேறு ஒரு வாரத்துல வர்றதில்ல." நிறுத்தி, மூச்சை இழுத்துவிட்டு, "தம்பி ஒண்ணும் பண்ணலை. தெரிஞ்சேதான் அவர் மேல போட்டேன்" என்றாள்.

 தேநீர் ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏண்டி, வயசாச்சே தவிர..." என்று ஆரம்பித்தவள், மகளின் முகத்தைப் பார்த்து அங்கேயே நிறுத்திக்கொண்டு, டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அப்பா வாஷரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரியவளைத் திட்டுவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் சின்னவளிடம் திரும்பினார். "தெரு முனையிலேயே கேட்டுச்சா உனக்கு?" என்று கேட்டார். திட்டியிருந்தால் பெரியவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மாப்பிள்ளை வந்து எதிரில் உட்கார்ந்தார். "சரி விடுங்க அண்ணி. புது வாஷர் இருக்கா, போய் வாங்கிட்டு வரணுமா?"

"கடையில இருக்கு தம்பி. மேஜை டிராயர்ல. கொஞ்சம் எடுத்துட்டு வர்றீங்களா?" என்று சாவியைக் கொடுத்தாள். கடைச் சாவியை அவள் யாரிடமும் கொடுத்ததில்லை. "அன்னைக்கு லிஃப்ட்னு சொன்னேன்ல, அதையும் மன்னிச்சிடுங்க."

"லிஃப்ட்ல இப்படி நட்டு விட்டிருந்தா எனக்கு வேலையே போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். அது வேடிக்கையா குத்தலா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று வைத்துக்கொண்டாள். தனக்கு அவ்வளவாவது வேண்டும்.

பற்களைச் சுத்தமாகத் துடைத்தாள். தேய்மானம் அதிகமில்லை, தப்பித்தது. பல்சக்கரம், மேக்னட், வாஷர், நட்டு என்று வரிசையாக மாட்டி முழு பலத்தோடு இறுக்கினாள். உளியை வைத்து நாக்கைத் தட்டி மடக்கும்போது சின்னவள் பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவள் சுத்தியலை நிறுத்தி, "இதுதான் அது" என்று விரலால் காட்டினாள். பிறகு செயினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து அளவு வைத்தாள். சின்னவள் கைவிரலை விட்டுத் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டிய எண்ணெயை முகர்ந்தாள். முகத்தைச் சுளிக்கவில்லை.

மூடியை மாட்டி எண்ணெய் ஊற்றியதும் பெரியவள் ஸ்க்ரூடிரைவரைத் தேடினாள்.

"அதெல்லாம் வேண்டாம்" என்றாள் சின்னவள். "நீ ஓட்டிட்டு வா. நான் மேல நிக்கிறேன்."

பெரியவள் தெரு முனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். வளைவில் ஆக்ஸிலேட்டரை விட்டாள், கேட்டுக்கு அருகில் மறுபடி கொடுத்தாள். அவள் காதுக்கு எல்லாம் சுத்தமாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னொரு தடவை" என்றது ஜன்னல்.

மறுபடி போனாள். "இன்னும் கொஞ்சம் வேகமா வந்து சட்டுன்னு விடு." மறுபடி போனாள். எதிர் வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கடைத்தெருவில் ஊரே அக்கா என்று கும்பிடுகிற மெக்கானிக்கை ஒரு ஜன்னல் இப்படிப் போ, அப்படி வா என்று ஆட்டி வைப்பதை அவர்கள் ஆவலாகப் பார்த்தார்கள். நாலாவது தடவையோ ஐந்தாவதோ, சின்னவள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "போயிடுச்சு" என்றாள்.

அப்பா வாசல் கேட்டில் நின்று நல்ல காதை மாடிப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். "போயிடுச்சாம்மா? நல்லாத் தெரியுமா?" என்று மேலே பார்த்துத்தான் கேட்டார். வண்டி மேல் உட்கார்ந்திருந்த பெரியவளைக் கேட்கவில்லை. அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை நடந்த பிறகும் சுருக்கென்கிறதே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது. ஆனாலும் சுருக்கென்றது நிஜம்.

அதன் பிறகு கடைக்கு வருகிற வண்டிகளில் எந்த இடத்துச் சத்தம் என்று பிடிபடாததை எல்லாம் பெரியவள் வீட்டுத் தெரு வழியாக ஓட்டி வர ஆரம்பித்தாள். ஜன்னலுக்குக் கீழே வந்து, "என்ன?" என்று கத்துவாள். சின்னவள் தையலை வைத்துவிட்டு எட்டிப் பார்த்து, "பின்னாடி இல்ல, நடுவுல. வேகம் குறையும்போது மட்டும்" என்று சொல்வாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஒவ்வொரு தடவையும் பெரியவள் வாடிக்கையாளரிடம், "என் தங்கச்சி சொன்னா சரியா இருக்கும்" என்று சொல்வாள். சொல்லிவிட்டு, துடைத்து வைத்த ஸ்பேனரை எடுத்து மறுபடி துடைப்பாள். 

ஒருமுறை சின்னவள் கிளட்ச் என்றாள். பிரித்துப் பார்த்தால் சைலன்சரைப் பிடித்திருந்த போல்ட்டு ஒன்று உடைந்து தொங்கியது. அன்றைக்கு முழுவதும் பெரியவள் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்து, கடைக்கு வந்தவர்களெல்லாம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதா என்று கேட்டார்கள்.